மருந்தும் மார்க்கும்



வியாபாரிகளாகிய நமக்கு மார்க்கின் மதிப்பு தெரியும். ஒரே தறியில், ஒரே நூலில், ஒரே சாயத்தில் நெய்த இரண்டு கைலிகளில் ஒன்றின்மீது பேர்பெற்ற முத்திரையும் மற்றொன்றின்மீது பேர் தெரியாத முத்திரையும் ஒட்டியிருந்தால் விலை ஒன்றாக இராது. வாங்குகிறவர் முத்திரைக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார். இதை நாம் குறை சொல்வதில்லை. பெயர் சம்பாதிக்கவும் முதல் போட வேண்டியிருக்கிறதல்லவா? ஆனால் கைலியை விரித்து, இழையைத் தடவி, தரத்தைச் சொல்லிவிடுகிற நாமே மருந்துக் கடைக்குப் போனால் வாயடைத்து நிற்கிறோம். கொடுத்ததை வாங்குகிறோம்; கேட்டதைக் கொடுக்கிறோம். என்ன வாங்கினோம் என்று யாராவது கேட்டால், "நீல டப்பா, வெள்ளை மாத்திரை" என்கிறோம்.

இந்த அறியாமையால் இரண்டு விதமான கெடுதிகள் நம்மவர்களிடையே நேர்வதைக் காண்கிறோம்.

நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இரத்தக் கொதிப்புக்கு இங்கே ஒரு கிளினிக்கில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஊருக்குப் போயிருந்தபோது அங்கேயும் ஒரு டாக்டரைப் பார்த்தார். அவரும் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். டப்பா வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. "ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும்" என்று பினாங்கு திரும்பியபின் இரண்டையும் விடாமல் சாப்பிட்டார். சில வாரங்களில் கணுக்கால் வீங்கிற்று. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றிற்று. ஒருநாள் கல்லாவிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இரண்டு டப்பாக்களையும் பார்த்த மருந்தாளர், "ஐயா, இவை இரண்டும் ஒரே மருந்து. நீங்கள் இரட்டை அளவு சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றார். அல்லாஹ்வின் கிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார்.

மற்றொரு கெடுதி இதற்கு நேர்மாறானது. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை வீட்டில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, "ஒரு வெள்ளிக்குக் கொடுக்கிற மருந்தில் என்ன இருக்கப் போகிறது?" என்று சொல்பவர்களை நாம் அறிவோம். விலை கூடிய மருந்தைத் தனியே வாங்குவார்கள். கையில் காசு குறைந்த மாதத்தில் அதையும் பாதியாகக் குறைப்பார்கள், அல்லது அடியோடு நிறுத்துவார்கள். நல்ல மருந்து வீட்டிலேயே இருக்க, மருந்தில்லாமல் நோயை வளர்த்துக்கொள்கிறார்கள்.

ஒருவர் ஒரே மருந்தை இரண்டென்று நம்பினார். மற்றவர் நல்ல மருந்தை மட்டமென்று நம்பினார். இரண்டு பேருக்கும் தெரியாமற்போனது ஒரே விஷயந்தான். அதையே இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்

டாக்டர் எழுதித் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மூலப்பெயர், உடம்பில் வேலை செய்கிற பொருளின் பெயர் அது. மற்றொன்று மார்க்குப் பெயர். அதைச் செய்து விற்கிற கம்பெனி வைத்த பெயர். மூலப்பெயர் யாருக்கும் சொந்தமன்று. உலக சுகாதார நிறுவனம் 1950-ஆம் ஆண்டு எடுத்த தீர்மானத்தின்படி ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு பெயரை வகுத்து வருகிறது. மார்க்குப் பெயரோ கம்பெனியின் சொத்து. நாட்டுக்கு நாடு மாறும்.

சில உதாரணங்களைப் பார்ப்போம். நீரிழிவு, அதாவது இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் என்பது மூலப்பெயர். அதுவே இங்கே குளுக்கோபாஜ் என்ற மார்க்கிலும், தமிழ்நாட்டில் கிளைக்கோமெட் என்ற மார்க்கிலும் கிடைக்கிறது. 1957-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வைத்தியர் ஜான் ஸ்டெர்ன் இம்மருந்தைப் பற்றி வெளியிட்டபோது, சர்க்கரையைத் தின்பது என்று பொருள்பட அந்தக் குளுக்கோபாஜ் என்னும் பெயரை வைத்தார். இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிப்பின் இங்கே நார்வாஸ்க். அங்கே அம்லோங், ஸ்டாம்லோ. கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் இங்கே லிப்பிட்டர், அங்கே அட்டோர்வா. காய்ச்சலுக்கு நாம் எல்லோரும் அறிந்த பனடாலின் மூலப்பெயர் பாராசிட்டமால். அதையே தமிழ்நாட்டில் குரோசின், டோலோ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மார்க்கு. அதன் கீழே சிறிய எழுத்தில், மில்லிகிராம் கணக்கோடு இருப்பது மூலப்பெயர். நாம் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

மூலப்பெயர்களின் வால்பகுதி மருந்தின் குடும்பத்தையும் காட்டிக் கொடுக்கும். 'டிப்பின்' என்றும் 'சார்ட்டன்' என்றும் 'ப்ரில்' என்றும் முடிபவை இரத்தக் கொதிப்புக்குக் கொடுப்பவை. 'ஓலோல்' என்று முடிபவை பெரும்பாலும் இதயத் துடிப்பை நிதானப்படுத்துபவை. 'ஸ்டாட்டின்' என்று முடிபவை கொழுப்பைக் குறைப்பவை. 'ப்ரஸோல்' என்று முடிபவை வயிற்றுப் புளிப்பை அடக்குபவை. ஒரே வால் கொண்ட இரண்டு டப்பாக்கள் வீட்டில் இருந்தால், ஒரே குடும்பத்து மருந்தை இரண்டு முறை சாப்பிடுகிறோமோ என்று உடனே விசாரிக்க வேண்டும்.

விலை ஏன் வேறுபடுகிறது?

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடிக்கிற கம்பெனி பல ஆண்டுகள் ஆராய்ந்து, முதலில் பிராணிகளிடமும் பிறகு மனிதர்களிடமும் சோதித்து, பெரும் பணம் செலவிடுகிறது. அதற்குப் பிரதியாக அரசாங்கங்கள் அக்கம்பெனிக்குப் பேட்டண்டு என்னும் காப்புரிமை வழங்குகின்றன. மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை அம்மருந்தை வேறு யாரும் செய்து விற்க முடியாது. போட்டியில்லாத சரக்குக்கு விலை எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே மருந்தைச் செய்யலாம். இவ்வாறு செய்யப்படுவதையே ஜெனரிக் மருந்து, அதாவது பொது மருந்து என்கிறார்கள். லிப்பிட்டருக்கு அமெரிக்காவில் இருந்த தனியுரிமை 2011 நவம்பரில் முடிந்தது. அதன்பின் பல கம்பெனிகள் அட்டோர்வாஸ்டாட்டின் செய்யத் தொடங்கின. புதிதாகச் செய்கிறவர் ஆரம்ப ஆராய்ச்சியைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதுமில்லை. ஆகவே விலை இறங்குகிறது. இறங்குவது ஆராய்ச்சிச் செலவும் முத்திரையின் விலையுமேயன்றி மருந்தின் அளவன்று. அமெரிக்காவிலேயே எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு இன்று பொது மருந்தே கொடுக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் ஈப்போ, கிள்ளான், மலாக்கா முதலிய ஊர்களில் பொது மருந்து செய்யும் ஆலைகள் இருக்கின்றன. ஈப்போவிலுள்ள ஹோவிட் கம்பெனியின் பூர்வோத்தரம், 1940-களில் விற்கத் தொடங்கிய ஹோ யான் ஹோர் என்னும் மூலிகைத் தேநீர் என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிந்திருக்கலாம்.

இங்கே வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நமது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மலேசியாவின் மருந்து விலைகளை ஆராய்ந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்தும் கொடுக்கும் கிளினிக்குகளில், பேர்பெற்ற மார்க்கு மருந்துகளின்மீது வைத்த லாபம் நூற்றுக்கு 50 முதல் 76 வரை இருந்தது. பொது மருந்துகளின்மீதோ நூற்றுக்கு 316 வரைகூட இருந்தது! மருந்துக் கடைகளில் மார்க்கு மருந்துக்கு 25 முதல் 38 வரையும், பொது மருந்துக்கு 100 முதல் 140 வரையும் இருந்தது. தனியாரிடம் ஒரு மாத இரத்தக் கொதிப்பு மருந்து வாங்க ஒருவர் ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது என்றும் அவ்வாய்வு கூறிற்று. இவை அக்காலத்துக் கணக்குகள். ஆனால் பாடம் பழையதாகவில்லை. கொள்முதல் மலிவான சரக்கு வாடிக்கையாளருக்கும் மலிவாகக் கிடைக்கும் என்பது நிச்சயமன்று. விசாரிக்கிறவருக்கே மலிவாகக் கிடைக்கும்.

விசாரிப்பதற்கு இப்போது சட்டமும் துணை செய்கிறது. 2025 மே 1-ஆம் தேதி முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்தின் விலையை வாடிக்கையாளர் காணும்படி வைக்க வேண்டும் என்று உத்தரவு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் கடைகளில் விலைச்சீட்டு ஒட்டச் செய்யும் அதே விலைக்கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்தான் இந்த உத்தரவும் பிறந்தது.

தரம் ஒன்றுதானா?

"மலிவு என்றால் மட்டம்" என்பது சில சரக்குகளுக்குப் பொருந்தும். மருந்துக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. மருந்து தராசில் நிறுத்து விற்பது மட்டுமன்று. சோதித்துப் பதிந்து விற்பது.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டமும் அதன்கீழ் 1984-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் பதியாத எந்த மருந்தையும் இங்கே விற்க முடியாது. பொது மருந்து செய்கிறவர், முதல் மருந்தில் உள்ள அதே பொருள் அதே அளவில் இருப்பதையும், ஆலை சுத்தமும் ஒழுங்குமாக நடப்பதையும் காட்ட வேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகள் பலவற்றுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஆரோக்கியமான சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை முதல் மருந்தையும், சில நாள் இடைவெளி விட்டு மறுமுறை பொது மருந்தையும் கொடுத்து, மணிக்கு மணி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே அளவில் இரத்தத்தில் சேர்கின்றனவா என்று கணக்கிடுவார்கள். இத்தகைய சோதனைகள் நமது பினாங்குப் பல்கலைக்கழகத்திலேயே நடந்திருக்கின்றன.

இச்சோதனையில் நூற்றுக்கு 80 முதல் 125 என்ற ஓர் எல்லையைச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நூற்றுக்கு இருபது பங்கு மருந்தைக் குறைத்துப் போடலாமோ!" என்று சிலர் கலங்குகிறார்கள். அப்படியன்று. மாத்திரையில் போடும் மருந்தின் அளவைப் பற்றியதன்று அவ்வெல்லை. ஆளுக்கு ஆள் இரத்தத்தில் ஏற்படும் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், முழுக் கணக்கும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. சராசரி வித்தியாசம் பெரிதாக இருந்தால் சோதனையில் தேற முடியாது. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறை 12 ஆண்டுகளில் வந்த 2,070 சோதனைகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டது. இரத்தத்தில் சேர்ந்த மொத்த மருந்தின் அளவில் முதல் மருந்துக்கும் பொது மருந்துக்கும் இருந்த சராசரி வித்தியாசம் நூற்றுக்கு நான்குக்கும் குறைவுதான்.

தவறுகளே நடப்பதில்லையா? நடக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவின் ரான்பாக்ஸி கம்பெனி தரக்கேட்டுக்காகவும் பொய்க் கணக்குக்காகவும் 2013-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டிற்று. 2018-இல் வால்சார்ட்டன் மாத்திரைகள் சிலவற்றில் வேண்டாத கலப்படம் இருப்பது தெரிந்து, நம் நாட்டிலும் அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால் பெரிய மார்க்கு மட்டும் காவலாகிவிடுமா? வயோக்ஸ் என்ற பேர்பெற்ற வலி மருந்தை, இதயத்துக்குக் கேடு செய்வதாகக் கண்டு, அதைச் செய்த மெர்க் கம்பெனியே 2004-இல் உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. ஆகவே நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் மார்க்கு அன்று. பதிவும் சோதனையும் கண்காணிப்புமே.

ஹமீது குடும்பத்தின் கதை

பொது மருந்து என்பது ஏழைக்கு ஒதுக்கிய கழிவுச் சரக்கு அன்று என்பதற்கு நம் சமுதாயத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. குவாஜா அப்துல் ஹமீது என்ற இரசாயன அறிஞர் 1935-இல் பம்பாயில் சிப்ளா என்னும் மருந்துக் கம்பெனியைத் தொடங்கினார். 1939-இல் காந்தியடிகள் நேரில் வந்து அதைப் பார்வையிட்டார். பின்னாளில் அவருடைய மகன் யூசுஃப் ஹமீது அதை நடத்தினார். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே உரிமை கொடுத்தது. அதனால் வேறு செய்முறையில் அதே மருந்தைச் செய்ய அங்கே வழி திறந்தது. 2005 முதல் இந்தியாவும் பொருளுக்கே காப்புரிமை வழங்குகிறது.

எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்துக்கு மேல்நாட்டில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவான காலத்தில், 2001-ஆம் ஆண்டு யூசுஃப் ஹமீது அதை ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுக்க முன்வந்தார். உலகமே திகைத்தது.

அதன் பலன் நம் நாட்டுக்கும் வந்தது. 2003-இல் மலேசிய அரசாங்கம், காப்புரிமை இருந்தும் பொதுநலத்துக்காக மருந்தை வாங்கும் தன் உரிமையைப் பயன்படுத்தி, சிப்ளாவின் மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு இறக்குமதி செய்தது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலர் ஆன செலவு 58 டாலராக இறங்கிற்று. 2017-இல் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்துக்கும் அதே உரிமையை நம் அரசாங்கம் பயன்படுத்திற்று. அமெரிக்காவில் அம்மருந்தின் ஒரு மாத்திரை முதலில் 1,000 டாலர் விலையில் விற்கப்பட்டது. எகிப்து நாட்டில் செய்த பொது மருந்து இங்கே வந்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குக் கிடைத்தது. பொது மருந்து என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மூலப்பெயரிலேயே மருந்து கொள்முதல் செய்து பெயர் பெற்றது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்ற பெயரில் ஆயிரம் பொது மருந்துக் கடைகள் அங்கே திறக்கப்பட்டன. கடையநல்லூருக்கும் பனைக்குளத்துக்கும் போய்வருகிற நம்மவர்கள் இவற்றைப் பார்த்திருக்கக் கூடும்.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள்

இவ்வளவு சொன்னதால், "இனி நாமே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாத்திரையில் மருந்துப் பொருளோடு மாவு, பசை, சாயம் போன்ற துணைப்பொருள்களும் இருக்கின்றன. இவை மார்க்குக்கு மார்க்கு மாறலாம்.

1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டோயின் சாப்பிட்டு வந்தவர்கள் பலர் ஒரே சமயத்தில் தள்ளாடத் தொடங்கினார்கள். ஆராய்ந்தபோது, மருந்தின் அளவு மாறவில்லை. அதில் சேர்த்த துணைப்பொருளை மாத்திரம் மாற்றியிருந்தார்கள். கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் பால் சர்க்கரையைப் போட்டதால் மருந்து இரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்துவிட்டது. மேலே சொன்ன இரத்தச் சோதனை ஏன் அவசியம் என்பதை உலகுக்கு உணர்த்திய சம்பவங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே, கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து விளைவிக்கிற மருந்துகள் சில உண்டு. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், தைராய்டுக்கான லீவோதைராக்ஸின், உறுப்பு மாற்றியவர்களுக்கான சைக்ளோஸ்போரின் முதலியன அவை. இவற்றில் எந்த மார்க்கில் தொடங்கினோமோ அதிலேயே நிற்பது நல்லது. மாற்ற வேண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லி, இரத்தம் பார்த்து மாற்ற வேண்டும். இன்சுலின் ஊசி மருந்தும் மாத்திரையைப் போன்றதன்று. அதை மாற்றுவதும் டாக்டரின் பொறுப்பே. 'எக்ஸ்.ஆர்.' என்று போட்ட மாத்திரை மெதுவாகக் கரைவது. அதை உடைத்தோ பொடித்தோ சாப்பிடலாகாது. சாதாரண மாத்திரைக்குப் பதிலாகவும் எண்ணலாகாது.

மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறினால் மனம் கலங்குவது இயற்கை. மாரடைப்புக்குப் பின் மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றி 2014-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாத்திரையின் நிறம் மாறியபின் மருந்தையே விட்டுவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 34-ம், வடிவம் மாறியபின் நூற்றுக்கு 66-ம் கூடியிருந்தது. மாரடைப்பு வந்தவர் மருந்தை விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிறம் மாறினால் நிறுத்தாதீர்கள். டப்பாவைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஹலால் பற்றி

மூலப்பெயர் ஒன்றாயிருந்தாலும் கூட்டின் உறை ஒன்றாயிருக்கும் என்று சொல்ல முடியாது. கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அந்த ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கலாம். இவ்விஷயத்தில் மார்க்கு மருந்து, பொது மருந்து என்ற பேதமில்லை. ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிராணிகளிலிருந்து எடுத்த பொருள் இருந்தால் அதன் மூலத்தை லேபிலில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. ஹலால் மருந்துகளுக்கென்றே எம்.எஸ். 2424 என்னும் மலேசியத் தரவிதியும் இருக்கிறது. சந்தேகமிருந்தால் மருந்தாளரிடம், "இதே மருந்து மாத்திரையாகவோ வேறு உறையிலோ கிடைக்குமா?" என்று கேளுங்கள். பல சமயம் பொது மருந்துகளிலேயே அதற்கு வழி கிடைக்கிறது. ஆனால் மனச் சந்தேகத்தால் மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது தவறு. டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்க.

நம் கடைகளைப் பற்றி ஒரு சொல்

ஊரிலிருந்து வரும்போது நம் சொந்த உபயோகத்துக்கு அளவோடு மருந்து கொண்டுவருவது ஒன்று. அதைக் கடையில் வைத்து விற்பது வேறொன்று. இங்கே பதியாத மருந்தை விற்பது குற்றம். முதல் முறை பிடிபட்டால் தனிநபருக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ, கம்பெனிக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிது ஒன்றுண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யாதீர்கள் என்று நமக்குக் கட்டளையிருக்க, உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்கே தெரியாத மாத்திரையை ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுப்பது எப்படி ஹலாலான வியாபாரமாகும்?

இனிச் செய்ய வேண்டியவை

1. நீங்களும் உங்கள் வீட்டாரும் சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். மார்க்கை எழுதினால் போதாது.

2. எந்த டாக்டரிடம் போனாலும், இங்கேயாகட்டும் ஊரிலாகட்டும், அந்தச் சீட்டை முதலில் காட்டுங்கள்.

3. கிளினிக்கில் மருந்தை அங்கேயே வாங்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. மருந்துச் சீட்டு எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. அதைக் கொண்டு இரண்டு மருந்துக் கடைகளில் விலை விசாரியுங்கள்.

4. மருந்தாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதன் மூலப்பெயர் என்ன? இதே மூலப்பெயரில் விலை குறைந்த பதிவுபெற்ற மருந்து உண்டா? என் விஷயத்தில் மாற்றலாமா?

5. டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். சீட்டின்பேரில் கொடுக்கும் மருந்தானால் எண்ணை அடுத்து 'ஏ' என்ற எழுத்து இருக்கும். பாதுகாப்புக்கான ஹோலோகிராம் லேபிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

6. பெரியாஸ்பத்திரியிலும் அரசாங்க கிளினிக்குகளிலும் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணரைக் காண ஐந்து வெள்ளி. மருந்தும் அதில் அடக்கம். அங்கே தருபவற்றில் பெரும்பகுதி பொது மருந்தே. அதை அலட்சியம் செய்யாதீர்கள். மிச்சம் பிடித்ததாக எண்ணி வெட்கப்படவும் வேண்டாம். அது நம் வரிப்பணம்.

7. காசு முடையென்றால் அளவைக் குறைக்காதீர்கள்; மார்க்கைக் குறைக்க வழி கேளுங்கள்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. ஜும்ஆவுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளியில் நிற்கும் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள். அந்த வரிசையில் எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்பது விளங்கும். இவர்கள் ஆயுள் முழுவதும் மருந்து வாங்க வேண்டியவர்கள். இருபது வருஷ வியாபாரத்தில் கொள்முதல் விலையில் சில காசு வித்தியாசம் என்ன செய்யும் என்று அறிந்த நாம், இருபது வருஷ மருந்துச் செலவிலும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாதா?

நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான். சிகிச்சை செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்திருக்கிறார்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், கைப்பொருளும் அமானிதமே. இரண்டையும் வீணாக்காமலிருக்க, அடுத்த முறை மருந்துக் கடையில் நின்று டப்பாவின் சிறிய எழுத்தைப் படியுங்கள். படிக்கக் கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். நமது சங்கத்தில் அந்தச் சீட்டை எழுதிக்கொள்ளத் துணை வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பின் டப்பாக்களோடு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.